ரன் (ஆங்கிலச் சொல்)

ரன் என்பது ஆங்கில மொழியில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று. கால்களால் விரைந்து செல்லுதல், அதாவது ஓடுதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். வினைச்சொல்லாகவும் பெயர்ச்சொல்லாகவும் வரும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இச்சொல் திருத்தி எழுதப்பட்டபோது, வினைவடிவத்துக்கு மட்டும் 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன. இச்செய்தி 2011ஆம் ஆண்டில் வெளியானது.

சொற்பிறப்பு

இச்சொல் செருமானிய மொழிக் குடும்பத்துக்கு உரியது. இதன் பழைய ஆங்கில வடிவங்களுள் ஒன்று ரின்னன் என்பதாகும். இன்றைய இடாய்ச்சு மொழியில் இதற்கு உறவான இரு சொற்கள் உள்ளன. ரென்னன் என்பது ஓடுதலையும், ரின்னன் என்பது நீர் ஒழுகுதலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவ்விரு பொருள்களையும் ரன் என்னும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது.

முதன்மையான பொருள்கள்

* இடப்பெயர்ச்சி: மனிதரோ விலங்கோ ஓடுதல், பேருந்து, தொடர்வண்டி ஆகியவை குறித்த வழியில் சென்று வருதல்.
* நீர்மம்: ஆறு பாய்தல், மூக்கு ஒழுகுதல், துணியின் சாயம் கரைந்து பரவுதல்.
* இயக்கம்: பொறி இயங்குதல், கணினி நிரலை இயக்குதல்.
* மேலாண்மை: கடை, பள்ளி, நிறுவனம் முதலியவற்றை நடத்துதல்.
* நீட்சி: சாலையோ வேலியோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் வரை அமைந்திருத்தல், நாடகம் தொடர்ந்து பல நாள் நடைபெறுதல்.
* அரசியல்: தேர்தலில் போட்டியிடுதல். இது அமெரிக்க வழக்கு. பிரித்தானிய வழக்கில் இதற்கு "நில்" என்னும் பொருளுடைய சொல்லே பயன்படுகிறது.
* விளையாட்டு: துடுப்பாட்டத்தில் எடுக்கப்படும் ஓட்டம்.
* நிதி: வைப்பாளர் பலர் நம்பிக்கையிழந்து ஒரே நேரத்தில் வங்கியிலிருந்து பணத்தைத் திரும்பப் பெற முனைதல்.

பிற சொற்களோடு சேரும்போதும் பொருள் மாறும். "வெளியே" எனப் பொருள்படும் அவுட் என்னும் சொல்லோடு சேர்ந்தால், கையிருப்பு தீர்ந்துபோதலைக் குறிக்கும். துடுப்பாட்டத்திலோ அதே தொடர் மட்டையாளர் ஆட்டமிழக்கும் ஒரு முறையின் பெயராகும்.

அகராதியில் இடம்

1989இல் வெளியான ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில், மிக நீண்ட பதிவாக இருந்தது செட் என்னும் வினைச்சொல்லே. அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணி முன்னேறியபோது, 2000இல் மேக், 2007இல் புட், 2011இல் ரன் என்னும் சொற்கள் அடுத்தடுத்து அவ்விடத்தைப் பெற்றன. ரன் பதிவைத் திருத்திய அகராதியியலாளர் பீட்டர் கில்லிவர் அதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் செலவிட்டார்.

தொடர்வண்டி, பொறி, கணினி எனப் புதிய கருவிகள் தோன்றியபோதெல்லாம் அவற்றின் இயக்கத்தைக் குறிக்க இச்சொல்லே எடுத்தாளப்பட்டது. பொருள்கள் பெருகியதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் இவ்வெண்ணிக்கை அறுதியானதன்று. நுண்ணிய வேறுபாடுகளையும் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் பேரகராதியில் எண்ணிக்கை கூடும். அவற்றை ஒன்றாகத் தொகுக்கும் சிற்றகராதியில் குறையும்.

தமிழில் பெயர்த்தல்

தமிழிலும் "ஓடு" என்னும் வினை இவ்வாறு விரிந்து வழங்குகிறது. ஆறு, வண்டி, கடிகாரம், திரைப்படம் ஆகிய அனைத்தும் தமிழில் ஓடுகின்றன. ஆனால் இரு சொற்களின் எல்லைகளும் ஒன்றல்ல. நிறுவனத்தை "நடத்துதல்", தேர்தலில் "போட்டியிடுதல்", நிரலை "இயக்குதல்" என இடத்துக்கேற்ற வேறு வினைகள் தேவைப்படுகின்றன. ஆகவே மொழிபெயர்ப்பில் இச்சொல்லைத் தனியே நோக்காமல், எழுவாய், செயப்படுபொருள், உடன்வரும் இடைச்சொல் ஆகியவற்றோடு சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும்.