பழைய பிக்கப்பின் சீட் பெல்ட்: கழுவினால் போதுமா, மாற்றவேண்டுமா?

தாத்தா ஓட்டிய பிக்கப் பல ஆண்டுகளாக வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அதை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவர ஆசை. இன்ஜின் ஓடுகிறது. சாயம் அடித்தாயிற்று. இருக்கைக்குப் புது உறையும் தைத்தாயிற்று.

சீட் பெல்ட்?

"அது நல்லாத்தானே இருக்கு, கழுவினா போதும்!" என்பார்கள் பலர்.

உண்மையில் போதுமா?

டட்சன் 620, முதல் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற 1970களின் பிக்கப் வண்டிகளில் காற்றுப்பை கிடையாது. இன்றைய கார்களைப் போல், மோதும்போது முன்பகுதி நசுங்கிப் பயணியைக் காக்கும் வடிவமைப்பும் இல்லை. விபத்து நேர்ந்தால் உங்களைப் பிடித்துவைக்க இருப்பது அந்த வார் மட்டும்தான்.

வார் எவ்வளவு விசையைத் தாங்கவேண்டும்?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது மூன்று மாடி.

70 கிலோ எடையுள்ள ஒருவரை அந்த வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தவேண்டும் என்றால், சராசரியாக 1.4 டன் எடைக்குச் சமமான விசை தேவை. அது தோள்பட்டை வாருக்கும் இடுப்பு வாருக்கும் இடையே பகிரப்படும். ஆனால் உச்சக் கட்டத்தில் விசை சராசரியைவிட அதிகமாக இருக்கும்.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 16ஆம் எண் வாகன விதிமுறையின்படி, வார் சுமார் 1.5 டன் இழுவிசைக்குக் குறைவாக அறுந்துவிடக் கூடாது. அது புதிய வாருக்கு வைக்கப்படும் சோதனை. 40, 50 ஆண்டுகள் வெயிலில் கிடந்த வாருக்கு அல்ல.

வார் ஏன் வலுவிழக்கிறது?

வார் என்பது நைலான் அல்லது பாலியஸ்டர் இழைகளால் நெருக்கமாக நெய்யப்பட்ட பட்டை. அதற்கு மூன்று எதிரிகள்:

• வெயில்: புற ஊதாக் கதிர்கள் இழைகளின் மூலக்கூறுகளையே துண்டிக்கின்றன. நம் ஊரில் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் படாத நாள் குறைவு.

• மண், தூசு: நுண்ணிய மணல் இழைகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவற்றை அறுக்கும்.

• பழைய விபத்து: மோதலின்போது வார் சற்று நீண்டு கொடுத்துத்தான் விசையை உள்வாங்குகிறது. ஒருமுறை அப்படி நீண்ட வாரை மறுபடியும் நம்ப முடியாது.

கண்ணுக்குத் தெரிவது நிறம் மட்டும். எவ்வளவு வலு மிஞ்சியிருக்கிறது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. இதுதான் சிக்கலே.

எப்படிச் சோதிப்பது?

வாரை முழுவதுமாக வெளியே இழுத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றவேண்டும்:

• ஓரத்தில் பிசிறு, வெட்டு, அறுந்த தையல்

• வெயில் பட்ட பகுதி மட்டும் வெளுத்திருப்பது

• உராய்ந்து சூடாகி உருகியதுபோல் பளபளக்கும் இடம்

• விறைப்பு, அலை அலையான நெளிவு

• பூஞ்சணம்

• "க்ளிக்" என்று பூட்டாத, அல்லது தானாக விடுபடும் பக்கிள்

சுருட்டி வைக்கும் ரீல் இருந்தால், வாரைச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். பல ரீல்கள் உடனே பூட்டிக்கொள்ளும். சில வகைகள் வண்டி பிரேக் போடும்போதோ சாயும்போதோ மட்டுமே பூட்டும்.

ஒரு விஷயம்: ரீலைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்தால் வார் வராது. "ஐயோ, கெட்டுப்போச்சு" என்று பதற வேண்டாம். உள்ளே இருக்கும் குண்டு அல்லது ஊசல் அப்படித்தான் வேலை செய்யும்.

எதை மீட்கலாம்? எதை மாற்றவேண்டும்?

வெளித்தோற்றத்துக்கானவற்றை மீட்கலாம். பக்கிளின் மேல்மூடி, பிளாஸ்டிக் உறை, நிறுவனச் சின்னம் ஆகியவற்றைச் சுத்தம் செய்து மெருகேற்றலாம்.

பாரம் தாங்குபவற்றில் சமரசம் வேண்டாம். வார், அதன் தையல், துருப்பிடித்த கொக்கி, தேய்ந்த ரீல் ஆகியவற்றை மாற்றியே ஆகவேண்டும்.

வார் நல்ல நிலையில் இருந்து அழுக்கு மட்டும்தான் என்றால், மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகே சுருள விடவேண்டும். பிளீச், சாயம் இரண்டும் கூடவே கூடாது. அவை இழைகளைப் பலவீனப்படுத்தலாம்.

மாற்றுவதற்கு என்ன வழி?

1. புதிய முழு செட்: எளிதானது, பாதுகாப்பானது. அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்துக்குள் "இ" என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்.

2. பழைய பக்கிள், ரீலில் புது வார்: அசல் தோற்றம் முக்கியம் என்பவர்களுக்கு. இதற்கென்றே உள்ள நிறுவனங்களிடம் மட்டும் கொடுங்கள். கூஷன் கடைத் தையல் இருக்கை உறைக்குச் சரி. உயிரைத் தாங்கும் தையலுக்குத் தனி நூல், தனி வடிவம், தனிச் சோதனை உண்டு.

3. ஹாஃப்-கட் கடையில் வாங்குவது: விலை மலிவு. ஆனால் அந்த வண்டி ஏன் அங்கே வந்தது? விபத்தில் சிக்கியதா? அந்த வாரின் கதை உங்களுக்குத் தெரியாது. தவிர்ப்பது நல்லது.

பொருத்தும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

புது வார் மட்டும் போதாது. அது பிடித்திருக்கும் இரும்பும் உறுதியாக இருக்கவேண்டும். பழைய பிக்கப்பில் முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் தரைத் தகடுதான். கார்ப்பெட்டைத் தூக்கி, போல்ட் இறங்கும் இடத்தை மேலேயும் கீழேயும் பாருங்கள். துரு இருந்தால் முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

சீட் பெல்ட்டுக்கென்றே வரும் உயர்வலு போல்ட்டைப் பயன்படுத்துங்கள். ஹார்டுவேர் கடையின் சாதாரண போல்ட் வேண்டாம். கழற்றும்போதே வாஷர்களின் வரிசையைப் படமெடுத்து வையுங்கள். இறுக்கிய பிறகும் கொக்கி தாராளமாகத் திரும்பவேண்டும். வார் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

இடுப்பு வார் மட்டும் இருந்தால்?

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை வாரை 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். இடுப்பு வாரைவிட அது பாதுகாப்பானது.

ஆனால் கதவுத் தூணில் ஓர் ஓட்டை போட்டு மாட்டினால் வேலை முடிந்துவிடாது. வெறும் தகடு கிழிந்துவிடும். பின்னால் வலுவூட்டும் தகடு வேண்டும். தோள் முனை தோளைவிடத் தாழ்வாக இருந்தால், மோதும்போது முதுகெலும்பு கீழ்நோக்கி அழுத்தப்படும். இது அனுபவமுள்ள பட்டறையின் வேலை. கட்டமைப்பில் கை வைக்கும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் முன் இருக்கைக்கு 1979இலும் பின் இருக்கைக்கு 2009இலும் சீட் பெல்ட் அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

கடைசியாக ஒன்று

கழற்றிய பழைய வாரை முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள். யாராவது எடுத்து வேறொரு வண்டியில் மாட்டிவிடலாம். இரண்டாக வெட்டிவிட்டுப் போடுங்கள். தாத்தாவின் ஞாபகமாக வேண்டும் என்றால், லேபிள் இருக்கும் துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.