பாய்க் கணக்கு

பேத்திக்கு அடுத்த மாதம் எட்டு வயது நிறைகிறது. கூட்டாளிகள் வந்து கேக் வெட்டிவிட்டுப் போனால் போதாதாம், இரவும் நம் வீட்டிலேயே தங்க வேண்டுமாம். அதற்கு 'ஸ்லீப்ஓவர்' என்று பெயர். பதினோரு பேரை எழுதிக் கொடுத்தாள். மகள் பேனாவை எடுத்து, "ஆறுக்கு மேல முடியாது லா" என்று பெயர்களை அடிக்கத் தொடங்கினாள். வயதுக்கு ஒரு பிள்ளை என்று வெள்ளைக்காரத் தாய்மார்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம். அதன்படி எட்டுப் பேரைக் கூப்பிடலாம், ஆனால் நம் கொண்டோ ஹாலில் எட்டுப் பேர் எங்கே படுப்பது என்று அவளே கேட்டு அவளே உதட்டைப் பிதுக்கினாள். நான் வாய் திறக்கவில்லை. என் தலைக்குள் ஓடியது வேறு கணக்கு.

நான் வளர்ந்தது பினாங்கில், கிங் ஸ்ட்ரீட்டில், ஒரு கடைவீட்டின் மாடியில். இப்போது லெபோ கிங் என்று பலகை இருக்கிறது. கீழே துணிக்கடை, அதற்கு முன்னால் அஞ்சடி என்கிற கூரையிட்ட நடைபாதை. மாடியில் பலகைத் தடுப்பு வைத்து மூன்று குடும்பம். தடுப்பு கூரை வரை எட்டாது. ஒருவர் இருமினால் மூன்று வீட்டிலும் விளக்கு எரியும். ஊரிலிருந்து ஆள் வருகிறது என்றால் "எத்தனை பேர்?" என்று அம்மா கேட்டதே இல்லை. "பாய் எத்தனை இருக்கு?" என்பாள். மெங்குவாங் ஓலையில் மலாய்க்காரப் பெண்கள் முடைந்த பாய்கள், சுருட்டிச் சுவரோரம் நிற்கும். எண்ணிப் பார்த்துவிட்டு உலை வைப்பாள்.

இந்தக் கணக்கை அம்மா கண்டுபிடிக்கவில்லை. அப்பா இங்கே வந்தது 'ரஜுலா' கப்பலில். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் மதராசிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆளை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வரும். ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளுக்கு அனுமதி இருந்தது. டெக் பயணிக்குக் கட்டிலும் இல்லை, அறையும் இல்லை. ஏறியவுடன் யார் பாயை விரிக்கிறாரோ அவருக்கு அந்த இடம். கரை இறங்கியவர்களுக்கும் அதே வழக்கம்தான். பக்கத்துத் தெருவான பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம், அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, அதற்குப் பின்னால் ஓர் ஆள். மேலாள், அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மீசை அரும்பாத வயதில் கப்பலேறி வந்த அந்தப் பையன்கள், வட்டிக்கணக்கு எழுதி முடித்து அங்கேயே ஆளுக்கொரு பாயில் படுத்தார்கள். அவர்களுக்கு யார் பிறந்தநாள் கொண்டாடியிருப்பார்கள்!

எங்கள் வீட்டில் பிள்ளைகள் கூடித் தூங்கியது பிறந்தநாளுக்கு அல்ல, தைப்பூசத்துக்கு. 1894 முதல் ஓடுகிற வெள்ளி ரதம் பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படும். அதைப் பார்க்க அக்கரையிலிருந்து, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் ஃபெரி ஏறி முதல் நாளே வந்துவிடுவார்கள். போய்த் திரும்ப முடியாது, தோட்டத்துக்குப் பஸ் கிடைக்காது. ஆகவே தங்குவார்கள். பெரியவர்கள் பாயில் நீளவாக்கில் படுத்தால் இரண்டு பேர். பிள்ளைகளைக் குறுக்கே போட்டால் ஐந்து பேர், கால் மட்டும் பலகையில் கிடக்கும். ஒரு வருஷம் எங்கள் தடுப்புக்குள் பதினேழு பேர் படுத்தோம். நான் எண்ணினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, எனக்கு. மாடி முழுவதற்கும் ஒரே கழிப்பறை. விடிவதற்குள் பதினேழு பேருக்கும் தோசை. அந்த நாட்களில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை.

நான் கேக் கேட்டது எட்டாவது பிறந்தநாளுக்கு. அதுவரை நட்சத்திரம் பார்த்து மாரியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை, அவ்வளவுதான். கான்வென்டில் படிக்கிற பக்கத்துத் தடுப்புப் பெண் மெழுகுத்திரி ஊதினாள், நானும் ஊத வேண்டும். அப்பா பத்து வெள்ளி ஒதுக்கி டின்னில் போட்டு வைத்தார். 1967 நவம்பர். அந்த ஜூனில்தான் புது மலேசிய வெள்ளி வந்திருந்தது, பழைய நோட்டும் கூடவே செல்லுபடியானது. நவம்பர் 18ஆம் தேதி பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. பழைய நோட்டு பவுனோடு கட்டுண்டு கிடந்ததால் அதுவும் சரிந்து, ஒரு வெள்ளி 85 காசானது. டின்னில் இருந்தது பழைய நோட்டு. ராவோடு ராவாக என் கேக் எட்டரை வெள்ளியாகிவிட்டது.

என் பிறந்தநாள் 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. இந்த மதிப்புக் குறைப்பை எதிர்த்து அன்றைக்குத்தான் தொழிற்கட்சி ஹர்த்தாலுக்கு, அதாவது கடையடைப்புக்கு, அழைப்பு விடுத்திருந்தது. காலையிலேயே கடைகள் அடைத்துக் கிடந்தன. பிறகு கலவரம், அப்புறம் ஊரடங்கு. கேக் வரவில்லை. அம்மா ரவையைக் கொட்டிக் கேசரி கிண்டி, தட்டில் வட்டமாகத் தட்டி, நடுவில் சாமி விளக்குத் திரியைச் செருகினாள். முந்தின நாளே வந்துவிட்ட சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர், அஞ்சடியில் விளையாடிக்கொண்டிருந்து மாட்டிக்கொண்ட இரண்டு வீடு தள்ளிய பையன், துணிக்கடைக்குத் தாயோடு வந்து, கடை அடைத்திருக்க, திரும்பிப் போகவும் முடியாமல் போன ஒரு ஹொக்கியன் சிறுமி, அடுத்த தடுப்புப் பிள்ளைகள். யாரையும் அழைக்கவில்லை, யாரையும் அனுப்பவும் முடியவில்லை. ஒன்பது பிள்ளைகள், இரண்டு பாய், குறுக்கே. அந்தச் சிறுமிக்குத் தமிழ் வராது, எங்களுக்கு ஹொக்கியன் அரைகுறை. ஜன்னல் பலகை இடுக்கில் தெருவைப் பார்க்க மட்டும் ஒன்பது பேரும் ஒரே பாஷையில் சண்டை போட்டோம். மறுநாள் ஊரடங்கைத் தளர்த்தியதும்தான் அவளைத் தாய் கூட்டிக்கொண்டு போனாள்.

பாயை விட்டு ஆளை எப்போது எண்ணத் தொடங்கினோம்? என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி பாலம். 1985 செப்டம்பரில் 13.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பினாங்குப் பாலம் திறந்தது. சித்தப்பா ஒரு புரோட்டோன் சாகா வாங்கினார். அதற்குப் பிறகு தைப்பூசத்துக்கு வந்தவர்கள் "ராத்திரியே கிளம்பிடுறோம் அண்ணி" என்றார்கள், கிளம்பியும் போனார்கள். நல்லதுதான். அம்மாவுக்குத் தூக்கம் கிடைத்தது. ஆனால் பாய்கள் சுவரோரமே நின்றன.

இரண்டாவது, வாடகை. 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. ஜார்ஜ்டவுனில் ஏழைபாழைகள் நகரத்தின் நடுவில் வாழ முடிந்தது அதனால்தான். கடைவீடு முழுவதையும் ஒருவர் எடுத்து, தடுப்புத் தடுப்பாக உள்வாடகைக்கு விடுவார். சொந்தக்காரர் பார்வையில் அது அநியாயம். வருகிற வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது. 1999 டிசம்பரோடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை எகிறியது, எங்கள் தெருக்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சாமான் ஏற்றினார்கள். நாங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போனோம். கூரை வரை எட்டும் சிமெண்ட் சுவர், மூன்று அறை, இரும்புக் கதவு. எட்டு ஆண்டு கழித்து, 2008இல், யுனெஸ்கோ பழைய நகரத்தை உலகப் பாரம்பரியம் என்றது. எங்கள் மாடி இப்போது ஹோட்டல். உள்ளே எட்டிப் பார்த்தேன்: அறைக்கு இரண்டு பேர்தான், மூன்றாமவருக்குத் தனிக் கட்டணம்.

நேற்று மகள் வேலைக்குப் போன பிறகு, அலமாரிக்குப் பின்னால் கிடந்த இரண்டு மெங்குவாங் பாய்களை எடுத்துத் தூசி தட்டினேன். ஓரம் பிரிந்திருக்கிறது. சோபாவைப் பேத்தியும் நானும் நகர்த்தினோம், பாயை விரித்தோம். அவள் நீளவாக்கில் படுத்து, "நாலு பேர்தான் பாட்டி" என்று முகம் வாடினாள். குறுக்கே படுக்கச் சொன்னேன். படுத்தாள், கால் வெளியே நீண்டது. உருண்டு உருண்டு எண்ணினாள். ஒரு பாய்க்கு ஐந்து.

சாயங்காலம் மகள் வந்து பார்த்தாள். வாசல் கார்டுக்கு எத்தனை பெயர் கொடுப்பது, யாருக்கு ஹலால், யாருக்குச் சைவம், எந்தத் தாய் இரவு தங்க விடுவாள் என்று அடுக்கினாள். பக்கத்துப் பிளாக் மலாய்ப் பிள்ளையின் அம்மா ஒன்பது மணிக்கு வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாளாம். "அப்ப அவ கணக்குல சேர்த்தியா இல்லையா?" என்று பேத்தி கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் பாயின் பிரிந்த ஓரத்தைத் தைக்க ஊசி தேடிக்கொண்டிருந்தேன்.