1930ஐ நிரூபி!

டெல்டா என்றதும் நெல்வயல்தான் நினைவுக்கு வரும். அதன் தென்கோடியில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, ஒரு காடும் இருக்கிறது. கோடியக்காடு, கோடியக்கரை என்ற இரண்டு சிற்றூர்களை ஒட்டிய காடு. வெளிமானைக் காக்க 1967இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. அன்று அது தஞ்சாவூர் மாவட்டம்; 1991இல்தான் நாகப்பட்டினம் பிரிந்தது.

அறிவிப்புக்கு அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25 அன்று, அதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்துக்கு ஆதிக்க சாதிப் பண்ணையார்கள் கொடுத்த பதில் அது. வயலில் பங்கு இல்லாதவர்களுக்கு விறகும் மேய்ச்சலும் புறம்போக்கிலும் காட்டிலும்தான் கிடைத்தன. காட்டுக்கு எல்லை போடும்போது முதலில் இழப்பது நிலமற்றவர்கள்தான்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்பே காட்டில் வாழ்ந்து அதைச் சார்ந்திருந்தால் போதும். அது நியாயமே. மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். காட்டில் வாழும் தலித்துகளும் இந்த 'மற்றவர்கள்'தான்.

கணக்குப் போடுங்கள் தோழர்களே: 1930. வேதாரண்யத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆண்டு. அந்த ஏப்ரலில்தான் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து அங்கே உப்பு அள்ளினார். அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது, பாடப்புத்தகம் இருக்கிறது. அதே ஆண்டில் ஒரு பண்ணையாளின் பெயரில் என்ன தாள் இருந்திருக்கும்? பட்டாவா, பத்திரமா? தாள் கொடுக்காத சமூகம், இன்று அவர் பேரப்பிள்ளையிடம் தாள் கேட்கிறது.

ஆனால் சட்டம் தாளை மட்டும் கேட்கவில்லை. விதி 13ஐப் படியுங்கள். பழைய கிணறு, சுடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவையும் சான்றுகள்தான். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவும் சான்று. ஒன்று போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். உரிமைக் கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராம சபை.

மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்ற 2019 பிப்ரவரி 13இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதம் 28இல் நிறுத்திவைத்தது. ஆதாரம் இல்லாத மனு எவ்வளவு ஆபத்தானது என்று அந்தப் பதினைந்து நாட்கள் காட்டின.

1930ஐக் கண்ணால் கண்டவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.