கூடம் நிஜமாவே கோணல்: பூல் டேபிளை மட்டமாக்கின கதை



"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு ஒரு பழமொழி இருக்குல்ல. தன் மேல தப்பை வெச்சுக்கிட்டு தரை மேல பழி போடறவங்களைச் சொல்றது. இன்னைக்கு எபிசோட்ல நாம அந்த ஆட்டக்காரி பக்கம் நின்னு ஒரு கேள்வி கேட்கப் போறோம். கூடம் நிஜமாவே கோணலா இருந்தா என்ன பண்றது?

பூல் ஆட்டத்துல இது நிஜமான பிரச்சனை. அமெரிக்காவுல வீட்டு பேஸ்மென்ட்ல பூல் டேபிள் போட்டு வெச்சுக்கறது ரொம்ப சாதாரணமான விஷயம். ஆனா பேஸ்மென்ட் தரையை, தண்ணி வடியறதுக்காகவே பல இடங்கள்ல லேசான சரிவோட போட்டிருப்பாங்க. மேல் மாடி மரத்தரைன்னா, கீழ இருக்கற உத்திரம் காலப்போக்குல தொய்ஞ்சிருக்கும். எந்த வீட்டுத் தரையும் பூல் விளையாடறதுக்காகப் போட்ட தரை கிடையாது.

சரிவு எவ்வளவு இருந்தா பாதிக்கும்? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சரிவுன்னு வெச்சுக்கோங்க. நடந்து போனா கால் இதை உணரவே உணராது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே மெதுவா ஒரு பந்தைத் தள்ளுறோம், 5 நொடி உருண்டு நிக்குது. துணியோட தடையையும் சேர்த்துக் கணக்கு பண்ணினா, நேர்கோட்டுல இருந்து சுமார் 4 சென்டிமீட்டர் விலகியிருக்கும். பூல் பந்தோட விட்டமே 5.7 சென்டிமீட்டர்தான். அதாவது நீங்க சரியா அடிச்ச ஷாட் தப்பாப் போகும். எதிராளி தப்பா அடிச்சது உள்ள விழும். அப்புறம் யார் ஜெயிச்சாங்கன்னு எப்படிச் சொல்றது?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்தப் பிரச்சனை ஒரு தீர்வோட பக்கவிளைவு. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

பில்லியர்ட்ஸ்தான் பூலுக்கும் ஸ்னூக்கருக்கும் மூதாதை. ஐரோப்பாவுல புல்வெளியில ஆடின ஒரு ஆட்டம் 15-ஆம் நூற்றாண்டு வாக்குல வீட்டுக்குள்ள, மேஜை மேல ஏறுச்சு. பச்சைத் துணி அந்தப் புல்லோட ஞாபகம்னு சொல்வாங்க. முந்நூறு வருஷத்துக்கும் மேல அந்த மேஜையோட தளம் மரம்தான். மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், முறுக்கிக்கும். பந்துகளோ யானைத் தந்தம். தந்தமும் ஈரத்துக்கு வடிவம் மாறும், எடை ஒரு பக்கமா இருக்கும். பந்து வளைஞ்சு போச்சுன்னா குத்தம் பந்து மேலயா, பலகை மேலயா, தரை மேலயா? மூணு இடத்துல பக் இருந்தா எதையும் டீபக் பண்ண முடியாது. நம்ம ஆபீஸ்ல பார்க்கற கதைதான்.

1826-ல லண்டன்ல ஜான் தர்ஸ்டன் என்கிற பில்லியர்ட்ஸ் டேபிள் தயாரிப்பாளர் மரத்துக்குப் பதிலா ஒரு கல்லை முயற்சி பண்ண ஆரம்பிச்சார். அது ஸ்லேட். நம்ம தாத்தா பாட்டி பள்ளிக்கூடத்துல 'அ' எழுதிப் பழகின அதே சிலேட்டுக் கல்தான். இயற்கையாவே அடுக்கடுக்கா பிளக்கும். தேய்ச்சா கண்ணாடி மாதிரி சமமா வரும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் மரம் மாதிரி முறுக்கிக்காது. தர்ஸ்டன் அதோட நிக்கலை. 1835-ல டேபிளோட விளிம்புக்கு ரப்பர் கொண்டுவந்தார். குளிர்ல அது இறுகிப்போகும், சூடு காட்டித்தான் ஆடணும். 1845-ல வல்கனைஸ் பண்ணின ரப்பர் வந்து அந்தத் தொல்லையும் தீர்ந்தது. பந்தும் பிற்பாடு தந்தத்துல இருந்து செல்லுலாய்டு, அப்புறம் பினாலிக் ரெசின்னு மாறிடுச்சு.

இப்போ தளம் சமம், விளிம்பு சீர், பந்து உருண்டை. அப்புறமும் பந்து வளைஞ்சு போனா? மிச்சம் இருக்கற ஒரே சந்தேகம் தரை. மரக் காலத்துலயும் தரை கோணலாத்தான் இருந்தது. மத்த குறைகளுக்குள்ள அது ஒளிஞ்சிருந்தது. கல் வந்ததும் மாட்டிக்கிச்சு.

கல் கூடவே எடை வந்தது. முழு அளவு ஸ்னூக்கர் டேபிள் ஒரு டன்னுக்கு மேல இருக்கும். அதை ஒரே கல்லா யாராலயும் தூக்க முடியாது. அதனால ஸ்னூக்கர் டேபிளுக்கு 5 துண்டு, பெரிய பூல் டேபிளுக்கு 3 துண்டுன்னு வெட்டுவாங்க.

இதுக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. ஸ்னூக்கர் ஆட்டம் 1875-ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின் என்கிற ராணுவ அதிகாரி உருவாக்கினது. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேற, இவர் வேற. அந்த ஆட்டத்தோட விதிகள் எழுதி மாட்டப்பட்ட இடம் ஊட்டி கிளப், வருஷம் 1882. மலை ரயில் ஊட்டி வரைக்கும் வந்ததே 1908-லதான். அப்போ 1882-ல அங்க ஒரு பில்லியர்ட்ஸ் டேபிள் வேணும்னா மலைச்சாலைதான் வழி. துண்டு துண்டா ஏத்திட்டுப் போய், மேல வெச்சு ஒண்ணு சேர்த்தாகணும்.

அதனாலதான் டேபிளை மட்டமாக்கற வேலையை ஃபேக்டரியில முடிக்க முடியறதில்லை. டெவலப்பர் பாஷையில சொன்னா, எல்லாமே புரொடக்‌ஷன்லதான் டெஸ்ட் ஆகுது. யார் வீட்டுக் கூடத்துல டேபிள் நிக்கப் போகுதோ, அங்கதான் ஒரு ஃபிட்டர் முட்டி போட்டு உட்கார்ந்து வேலையை முடிக்கணும். தர்ஸ்டன் பேர் வரலாற்றுல இருக்கு. இந்த ஃபிட்டர்கள் யார் பேரும் எங்கயும் இல்லை. ஆனா அவங்க இல்லாம அந்தக் கல் வெறும் பாறைதான்.

அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது. தரையைச் சரி பண்ணாதே. தரைக்கும் பந்துக்கும் நடுவுல அடுக்குகள் வை, ஒவ்வொரு அடுக்குலயும் கொஞ்சம் பிழையைத் தீர்த்துடு.

முதல் அடுக்கு, கால். கல்லை ஏத்தறதுக்கு முன்னாடி வெறும் சட்டத்தை நிறுத்தி ரசமட்டம் வெச்சுப் பார்க்கணும். எந்தக் கால் உயரமா நிக்குதோ அதைத் தொடக் கூடாது. மத்த கால்களுக்குக் கீழ உலோகத் தகடோ, உறுதியான மர ஆப்போ கொடுத்து அந்த உயரத்துக்குக் கொண்டு வரணும். மென்மையான மரம் வெச்சா எடையில நசுங்கிடும். 400 கிலோ டேபிள்னா ஒரு காலுக்கு 100 கிலோ இறங்குது.

ரெண்டாவது அடுக்கு, கல். மூணு துண்டையும் சட்டத்து மேல வெச்சு, கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவுல மெல்லிய அட்டையோ ஆப்போ செருகி மூணையும் ஒரே தளத்துக்குக் கொண்டு வரணும். இங்க கொத்தனாரோட ரசமட்டம் பத்தாது, மெஷின் ஷாப்ல வெச்சிருக்கற நுண்ணிய மட்டம் வேணும். வேர்ல்ட் பூல்-பில்லியர்ட் அசோசியேஷன் விதிப்படி, மட்டம் பார்த்து முடிச்ச பிறகு கல் இணைப்புகள் 0.127 மில்லிமீட்டருக்குள்ள ஒரே தளத்துல இருக்கணும். ஒரு A4 தாளோட தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அப்புறம் இணைப்புல தேன்மெழுகை உருக்கி ஊத்தி, சுரண்டி, மேல துணி போடுவாங்க.

இங்க ரெண்டு வார்த்தையைக் குழப்பிக்கக் கூடாது. சமதளம் வேற, மட்டம் வேற. வழவழன்னு சமமா இருக்கற கல் மொத்தமா ஒரு பக்கம் சாஞ்சிருக்கலாம். நாலு மூலையும் ஒரே உயரத்துல இருக்கற டேபிள் நடுவுல தொங்கியிருக்கலாம். முதல் குறைக்கு மருந்து காலுக்கு அடியில. ரெண்டாவது குறைக்கு மருந்து கல்லுக்கு அடியில. வீட்டுல பலபேர் எல்லாக் குறைக்கும் காலுக்கு அடியிலயே அட்டையைச் செருகிக்கிட்டு இருப்பாங்க. அதான் தீர மாட்டேங்குது.

மூணாவது, டெஸ்ட். பந்தை நடுவுல வெச்சு "பாரு, உருளவே இல்லை, மட்டமாத்தான் இருக்கு"ன்னு சொல்றது செல்லாது. துணியோட தடை பந்தோட எடையில சுமார் நூத்துல ஒரு பங்கு. முன்னாடி சொன்ன 1 மில்லிமீட்டர் சரிவு இழுக்கறது ஆயிரத்துல ஒரு பங்குதான். நிக்கற பந்து அசையாது. ஓடற பந்து, அதுவும் மெதுவா ஓடி நிக்கப் போற பந்துதான் உண்மையைச் சொல்லும். அதனால நீளவாக்குல, அகலவாக்குல, விளிம்பை ஒட்டி, போற திசை வர்ற திசை ரெண்டுலயும் மெல்ல உருட்டிப் பார்க்கணும். ரெண்டு திசையிலயும் டேபிளோட ஒரே பக்கம் சாஞ்சா குத்தம் டேபிள் மேல. அடிக்கறவரோட இடது பக்கமாவே ரெண்டு தடவையும் போச்சுன்னா குத்தம் கை மேல. பழமொழிக்கு இதைவிட நேர்மையான சோதனை கிடையாது.

இதெல்லாம் ஒரு தடவை பண்ணிட்டு மறந்துட முடியாது. கார்ப்பெட் அமுங்கும், மரத்தரை இறங்கும். டேபிள் வந்து சில வாரம் கழிச்சு திரும்ப மட்டம் பார்க்கணும். நகர்த்தினா மறுபடி முதல்ல இருந்து.

இந்த வேலையை மெஷினே பண்ணக்கூடாதான்னு கேட்டீங்கன்னா, பண்ணுது. ராயல் கரீபியன் நிறுவனத்தோட ரேடியன்ஸ் ஆஃப் தி சீஸ் என்கிற கப்பல்ல, கப்பல் ஆட ஆடத் தானே மட்டமாகிக்கற பூல் டேபிள் இருக்கு. கப்பல் ஓட ஆரம்பிச்சது 2001-ல. சாய்வை உணர கைரோஸ்கோப், திருத்த மோட்டார்கள். கடல்ல தரை நொடிக்கு நொடி நகருது. நம்ம வீட்டுத் தரையும் நகரத்தான் செய்யுது, வருஷக்கணக்குல. அந்த வேகத்துக்கு ஒரு ரசமட்டமும் நாலு ஆப்பும் போதும்.

ஆட்டம்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரு ஏற்பாடு. தோத்தவர் "நீ நல்லா ஆடினே"ன்னு சொல்லிட்டு எழுந்து போகணும்னா, கூடம் கோணல்னு சொல்ல அவருக்கு இடமே இருக்கக் கூடாது. அந்த இடத்தை அடைக்கத்தான் ஒருத்தர் முட்டி போட்டுக் கல்லுக்கு அடியில அட்டை செருகறார்.