பொருத்திய பின்னர்

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், ஜெரோ என்னும் மருத்துவர் இருவர், ஸிலிகோன் கூழ் நிரம்பிய பைகளை முதன்முதலாக ஒரு பெண்மணியின் மார்பில் பொருத்தினர். மருத்துவச் சாதனங்களை முறையாக ஆராயும் சட்டம் அந்நாட்டில் 1976-இல்தான் பிறந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

பை உள்ளே கிழிந்தாலும் பல சமயங்களில் வலியோ வீக்கமோ தோன்றுவதில்லை. மருத்துவர் தொட்டுப் பார்த்தும் அறிதல் அரிது. 1992-இல் அமெரிக்க அரசு இவற்றின் உபயோகத்தைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. 2006-இல் மீண்டும் அனுமதித்தபோது, மூன்றாம் ஆண்டிலும், பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை வேண்டுமென்றது. 2020-இல் முதற் பரிசோதனை ஐந்து, ஆறு ஆண்டுகளுக்குப் பின் எனவும், அடுத்தவை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எனவும் மாறின, அல்ட்ராசவுண்டும் ஏற்கப்பட்டது.

முதற் சிகிச்சைக்கும் இக்கண்காணிப்பு விதிக்கும் இடையே 44 ஆண்டுகள் கழிந்தன. உடலில் வைத்த பொருளைத் தொடர்ந்து கவனித்தலும் சிகிச்சையின் பகுதியே என்பதை நாம் அத்துணைத் தாமதமாகவே கற்றோம்.