போனோடு வந்த பேச்சும், நாம் இறக்கிக்கொண்ட பேச்சும்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும் நட்சத்திரங்களை எங்க மலையில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், திருப்பூரில் வேலை பார்த்த மாமாவிடம் இரண்டு வார்த்தை பேசணும் என்றால், பஸ் பிடித்துத் திருப்பத்தூருக்கு இறங்கி எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்கணும். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, சிவப்பு எழுத்தில் ஓடும் ரூபாயைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறை நாங்கள்.

அந்த மலையிலிருந்து இறங்கி வந்து நம் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான். மலருக்குக் கட்டுரை கேட்டவுடன், நான் பிழைக்கும் தொழிலின் கதையையே எழுதலாம் என்று தோன்றியது. இன்டர்நெட் வழியாகப் பேசும் வசதி போனுக்குள்ளேயே இருப்பது ஒரு வகை. ஆப் ஒன்றை இறக்கிப் பேசுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் நடந்த போட்டிதான் இந்தக் கதை.

தொடக்கம் கம்ப்யூட்டரில்தான். பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி ஒட்டி இன்டர்நெட்டில் அனுப்பி, மறுமுனையில் மீண்டும் கோத்துக் கேட்க வைக்க வேண்டும். இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் 1995 பிப்ரவரியில் இதற்கான மென்பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. ஆனால் அதில் பேசுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் போய்விடுமே என்ற கவலைதான்! 2002 ஏப்ரல் 1 முதல்தான் இன்டர்நெட் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. அப்போதும் இன்டர்நெட்டிலிருந்து நம் நாட்டுச் சாதாரண போன் நம்பருக்குப் பேச அனுமதி இல்லை. 2003இல் ஸ்கைப் வந்தது. அமெரிக்காவில் மகன் இருக்கும் வீடுகளில் கம்ப்யூட்டர் முன்னால் பாட்டிகள் உட்கார ஆரம்பித்தார்கள்.

நான் விடுதியில் இருந்த காலத்தில் ஒரு சீனியர் அண்ணன் நோக்கியா இ51 வைத்திருந்தார். அதன் மெனுவில் 'இன்டர்நெட் டெலிபோன்' என்றே ஒரு பகுதி உண்டு. எஸ்.ஐ.பி. என்ற பொதுத் தர முறையில் பேசும் வசதி போனோடு கூடவே வந்தது. "என்னண்ணே இது?" என்று கேட்டேன். "தெரியலடா, சர்வர் பேர் கேக்குது, பாஸ்வேர்டு கேக்குது, விட்டுட்டேன்" என்றார். இந்த வசதி ஏன் தோற்றது என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நிறுவனங்களும் இதை விரும்பவில்லை. 2007இல் பிரிட்டனில் வோடஃபோனும் ஆரஞ்சும் தாங்கள் விற்ற நோக்கியா என்95 போன்களில் இந்த வசதியை எடுத்துவிட்டே விற்றன. 2010 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 2.3இல் கூகுளும் எஸ்.ஐ.பி.யை உள்ளேயே வைத்தது. அதையும் பெரும்பாலோர் தொடவில்லை. 2021இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது அதற்கு விடை கொடுத்துவிட்டார்கள்.

ஆப் ஜெயித்த காரணம் எளிமையானது. வாட்ஸ்அப்பில் நம் செல்போன் நம்பரே கணக்கு. சர்வர் பெயர் கேட்காது. 2015இல் அதில் குரல் அழைப்பு வந்தது, 2016 நவம்பரில் வீடியோவும் வந்தது. அதற்குள் இங்கே ஒரு சண்டை. 2014 டிசம்பரில் இன்டர்நெட் அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் கைவிட்டது. 2015 மார்ச்சில் டிராய் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. எந்த ஆப் என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8இல் விதி வந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 5இல் ஜியோ வந்தது. அதில் 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது. எனவே சாதாரணமாக நம்பர் அழுத்திப் பேசும் பேச்சே இன்டர்நெட் துண்டுகளாகத்தான் போயாக வேண்டும். இதுதான் வோல்ட்டி. தோற்றுப்போன 'உள்ளே இருக்கும் வசதி' பின்வாசல் வழியாக, பெயரே சொல்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது! 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங்கைத் தொடங்கின. டவர் இல்லாவிட்டாலும் வைஃபை இருந்தால் அதே நம்பரிலிருந்து எந்த நம்பருக்கும் பேசலாம். மறுமுனையில் ஆப் தேவையில்லை, பட்டன் போனே போதும்.

இனி என் மலைக்கு வருகிறேன். இங்கே ஒரு ஊரில் சிக்னல் கிடைக்கும், மேடு தாண்டினால் கிடைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு ஊரில் என் அத்தைக்கு இரவில் மூச்சுத் திணறல். டவர் இல்லை. பக்கத்து மளிகைக் கடையில் ஃபைபர் இணைப்பின் வைஃபை இருந்தது. கிராமச் செவிலியரிடம் இருந்ததோ பட்டன் போன். வாட்ஸ்அப்பில் 108ஐயும் அழைக்க முடியாது. அத்தை மகள் திருப்பூரில் இருந்த தன் அண்ணனை வாட்ஸ்அப்பில் எழுப்பினாள். அவன் அங்கிருந்து 108ஐ அழைத்து ஊர் பெயரும் வழியும் சொன்னான். பக்கத்தில் இருக்கும் ஆம்புலன்ஸைக் கூப்பிட, பேச்சு திருப்பூர் வரை போய்த் திரும்பி வந்தது. அத்தை பிழைத்துக்கொண்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்த போனை வாங்கிப் பார்த்தேன். செட்டிங்ஸில் வைஃபை காலிங் இருந்தது. யாரும் ஆன் செய்யவில்லை. எனக்கு விடுதி சீனியரின் இ51தான் ஞாபகம் வந்தது. வசதி கைக்குள்ளேயே இருந்தும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆன் செய்து, கடை வைஃபையில் செவிலியரின் பட்டன் போனுக்கு அடித்தோம். மணி அடித்தது.

அதனால் ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று இரவு காப்பாற்றியது ஆப்தான். வாட்ஸ்அப் பேச்சை நடுவில் யாரும் கேட்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறது, அந்தப் பூட்டு சாதாரண அழைப்பில் இல்லை. ஆனால் ஆப் ஒரு கடை மாதிரி, முதலாளி நினைத்தால் மூடிவிடலாம். உலகையே பேச வைத்த ஸ்கைப்பை 2025 மே 5இல் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. இரண்டும் இருக்கட்டும். எது எதற்கு உதவும் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

டவர் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் டவர் வரும் வரை, படித்தவர்கள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது.

இந்த மலரைப் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவின் போனை வாங்கிப் பாருங்கள். வைஃபை காலிங் இருந்தால் ஆன் செய்து, ஒரு தடவை பேச வைத்துக் காட்டுங்கள். 108 போன்ற அவசர எண்கள் வைஃபை வழியாகக் கிடைத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். செவிலியர், அரசு ஆஸ்பத்திரி, பக்கத்து ஊர் ஆட்டோக்காரர் ஆகியோரின் நம்பர்களைப் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நம் கல்லூரி நமக்குக் கற்றுக்கொடுத்ததில் ஐந்து நிமிடத்தை ஊருக்குக் கொடுப்போமே!