உப்பு காத்த உயிர்கள்

உப்பு விளையும் மரக்காணக் கரையில் வாழும் நாம் உப்பின் இன்னொரு வரலாற்றையும் அறிதல் வேண்டும். குழந்தைக்குப் பேதி கண்டால் 'பல் முளைக்கிறது' என்று கூறி, தண்ணீரையும் நிறுத்தும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. வறண்ட உடல்கள் மடிந்தன.

1971-இல் வங்க எல்லையில், பன்காவ் அகதிகளிடையே காலரா பரவிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு கலந்த நீரை உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டளவிலிருந்த சாவு 3.6 ஆகக் குறைந்தது. சர்க்கரை துணை நின்றால் நோயுற்ற குடலும் உப்பையும் நீரையும் ஏற்கும் என்பதே அதன் நுட்பம்.

1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் ரோட்டா வைரசைக் கண்டறிந்தனர். தில்லிக் குழந்தையொன்றிடம் கிடைத்த கிருமியினின்று உருவாகி, வேலூரிலும் சோதிக்கப்பெற்ற சொட்டு மருந்து 2016-இல் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. 2017-இல் தமிழகம் வந்தது. 6, 10, 14ஆம் வாரங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. எனினும் ரோட்டா வைரசால் வரும் கடும்பேதியை ஏறத்தாழப் பாதியளவே தடுக்கும்.

ஆதலின் தூய குடிநீரைக் கேட்டுப் பெறுவதும், உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவை ஒவ்வொரு தாய்க்கும் கற்பிப்பதும் கற்ற நம் இளைஞர் கடன். உப்பு வாருவோர் இல்லத்தில், அரைத் தேக்கரண்டி உப்பின் பயனறியாது ஒரு மகவும் மாளுதல் கூடாது.